சுருட்டுக்கு ராஜா பெட்டி எதற்கு? பிளாஸ்டிக் டப்பா போதும்!

5 லட்சத்து 74 ஆயிரத்து 500 டாலர்!

ஒரு மரப்பெட்டியின் விலை இது.

1996-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் நியூயார்க் நகரில் ஓர் ஏலம் நடந்தது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த கென்னடியின் மனைவி ஜாக்குலின் விட்டுச் சென்ற சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. அவற்றில் ஒன்று, கென்னடியின் சுருட்டுப் பெட்டி. 1961-ல் கென்னடி பதவி ஏற்றபோது, மில்டன் பெர்லே என்ற சிரிப்பு நடிகர் அவருக்குக் கொடுத்த பரிசு அது. சுருட்டுப் பிரியர்களுக்காகவே பத்திரிகை நடத்தும் ஒருவர் அதை இந்த விலைக்கு எடுத்தார்.

பெட்டிக்குள் வைரம் இருந்ததா? இல்லை. அந்தப் பெட்டிக்கு ஒரே ஒரு வேலைதான். சுருட்டு காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த வேலையை, அடுப்பங்கரை அலமாரியில் கிடக்கும் இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவும் செய்யும். சில சமயம் மரப்பெட்டியைவிட நன்றாகவே செய்யும்!

காய்ந்தாலும் கெடும், நனைந்தாலும் கெடும்

புகையிலை அப்பளம் மாதிரி. காற்றில் ஈரம் இருந்தால் அதை இழுத்துக்கொள்ளும். காற்று வறண்டால், தன்னிடம் உள்ள ஈரத்தை விட்டுவிடும்.

காய்ந்த சுருட்டின் மேல் இலை வெடித்து உரியும். பற்றவைத்தால் சரசரவென்று எரியும். புகை சூடாக வந்து நாக்கைச் சுடும். அதிகம் நனைந்த சுருட்டோ இழுக்க வராது. அடிக்கடி அணையும். அதன்மேல் பூஞ்சைக்காளானும் பூக்கும்.

இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு இருக்கிறது. காற்று கொள்ளக்கூடிய ஈரத்தை நூறு பங்கு என்று வைத்துக்கொண்டால், அதில் 65 முதல் 70 பங்குவரை இருக்க வேண்டும். அந்தக் காற்றில் சுருட்டு மாதக்கணக்கில், ஏன், வருஷக்கணக்கில்கூடக் கெடாது. இந்த அளவைக் காப்பாற்றும் பெட்டிக்குத்தான் ‘ஹியூமிடார்’ என்று பெயர். தமிழில் ஈரப்பெட்டி என்று சொல்லலாம்.

முறுக்கு டப்பாவை நினைத்துப் பாருங்கள். வெளி ஈரம் உள்ளே போகாதபடி மூடி தடுக்கிறது. அதனால் முறுக்கு நமுத்துப் போவதில்லை. ஈரப்பெட்டியில் நடப்பது அதற்கு நேர்மாறு. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகக்கூடாது. இரண்டு வேலைக்கும் தேவை ஒன்றுதான். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும்!

மரப்பெட்டியின் பலவீனமே இங்கேதான். மரம் தானே ஈரத்தைக் குடிக்கும். புதுப் பெட்டியில் உடனே சுருட்டை வைத்தால், மரம் சுருட்டில் உள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும். ஆகவே முதலில் ஒரு வாரம், இரண்டு வாரம் பெட்டிக்குள் தண்ணீர் வைத்து, மரத்துக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் மூடியின் ஓரத்தில் இடுக்கு இருந்தால் ஈரம் கசிந்துகொண்டே இருக்கும்.

கைதேர்ந்த தச்சர் செய்த விலை உயர்ந்த பெட்டியில் இந்தக் குறை அதிகம் இராது. மோசம் போவது, அதைப் பார்த்து ஆசைப்பட்டு மலிவுப் பெட்டி வாங்குகிறவர்தான். மேலே கண்ணாடி, முன்னால் பித்தளைத் தாழ்ப்பாள், அழகுக்கு முள் காட்டும் ஈரமானி. பார்க்க ஜோர்! ஆனால் கண்ணாடி ஓரத்தில் காற்று போகும். முள் சொல்வது பல சமயம் பொய்யாக இருக்கும். அழகான பெட்டிக்குள் சுருட்டு சருகாகிவிடும். பணம் போனதுதான் மிச்சம்.

கென்னடி வாங்கிய 1,200 சுருட்டு

கென்னடியைப் பற்றி இன்னொரு வேடிக்கைக் கதையும் உண்டு. 1962 பிப்ரவரியில் கியூபா நாட்டுச் சரக்குகள் அமெரிக்காவுக்குள் வரக்கூடாது என்று தடை போட அவர் முடிவு செய்தார். உலகிலேயே பேர்பெற்ற சுருட்டு கியூபா சுருட்டு. கையெழுத்துப் போடுவதற்கு முன்பு, தன் பத்திரிகைச் செயலாளர் பியரி சாலிஞ்சரைக் கூப்பிட்டார். “எனக்கு ஆயிரம் சுருட்டு வேண்டும்” என்றார். சாலிஞ்சர் ஊரெல்லாம் அலைந்து, மறுநாள் காலைக்குள் 1,200 சுருட்டு சேர்த்துவிட்டார். அதற்குப் பிறகுதான் தடை உத்தரவில் கையெழுத்து விழுந்ததாம்! இதைப் பிற்காலத்தில் எழுதியவர் சாலிஞ்சரேதான்.

மேஜைமேல் வைக்கிற சாதாரண ஈரப்பெட்டியில் ஐம்பது, நூறு சுருட்டுக்கு மேல் அடங்காது. ஆயிரம் சுருட்டு வைத்திருப்பவர் என்ன செய்வது? அதற்கு அமெரிக்கர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கடற்கரைக்கு உல்லாசமாகப் போகும்போது குளிர்பானம் எடுத்துப்போக ஐஸ் பெட்டி இருக்கிறது அல்லவா? தடித்த சுவர் வைத்த அந்தப் பெட்டியில் ஐஸ் போடாமல் சுருட்டை அடுக்கினார்கள். வெளியே சூடு ஏறினாலும் இறங்கினாலும் உள்ளே சட்டென்று மாறுவதில்லை. கொஞ்சம் சுருட்டு வைத்திருப்பவர்களுக்கு, சாப்பாடு வைக்கும் பிளாஸ்டிக் டப்பா. அதைவிடக் குறைவு என்றால், ரப்பர் வளையம் வைத்து மூடும் கண்ணாடி ஜாடி.

வெளிநாட்டு யோசனை என்று ஒதுக்க வேண்டாம். சுருட்டு நமக்குப் புதிதல்ல. திருச்சி உறையூரில் சுற்றிய சுருட்டு, கப்பல் ஏறி லண்டன் கடைவீதிவரை போனது. 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலையாளி புகைத்தது திருச்சி சுருட்டு என்பதை அதன் சாம்பலைப் பார்த்தே துப்பறிந்துவிடுகிறார் ஹோம்ஸ்! அப்பேர்ப்பட்ட சுருட்டை நம்மவர்கள் காகிதத்தில் சுற்றி அலமாரி உச்சியில் போட்டுவிட்டு, சித்திரை வெயிலில் காய்ந்த பிறகு, “சரக்கு மட்டம்” என்று கடைக்காரரைத் திட்டுகிறார்கள். இது நியாயமா?

உப்பு ஜாடி சொல்லும் ரகசியம்

டப்பா கிடைத்துவிட்டது. ஈரத்துக்கு என்ன செய்வது?

நனைத்த பஞ்சை உள்ளே வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மூடிய டப்பாவில் ஈரப்பஞ்சு இருந்தால், ஈரம் நூறை நெருங்கும். ஒரே வாரத்தில் பூஞ்சைக்காளான் வந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உப்பு ஜாடியில் தண்ணீர் விடுவதைப் பார்க்காத குடும்பப் பெண் உண்டா? அதன் காரணம் இதுதான். காற்றின் ஈரம் நூற்றுக்கு 75-ஐத் தாண்டினால் உப்பு அதை இழுத்துக் கசிகிறது. (கல்லுப்பில் வேறு உப்புகளும் கலந்திருப்பதால் இன்னும் முன்னாலேயே கசியும்.) ஈர உப்பை வறண்ட காற்றில் வைத்தால், தன் ஈரத்தை விட்டுக் காற்றை 75-க்கு ஏற்றப் பார்க்கும். அதாவது, மூடிய டப்பாவுக்குள் சேறு பதத்தில் உப்பு இருந்தால், உள்ளே இருக்கும் காற்று எப்போதும் 75-லேயே நிற்கும். வெயில் நாளானாலும் சரி, மழை நாளானாலும் சரி!

ஈரமானியைச் சோதிக்க இதைவிட மலிவான வழி கிடையாது. சோடா பாட்டில் மூடி நிறையத் தூள் உப்பை எடுத்து, சில சொட்டு தண்ணீர் விட்டுக் குழைக்க வேண்டும். உப்பு கரைந்து ஓடக்கூடாது. சேறு மாதிரி இருக்க வேண்டும். அதையும் ஈரமானியையும் ஒரு டப்பாவில் வைத்து இறுக மூடி, ஒரு நாள் விட்டுவிட வேண்டும். மறுநாள் ஈரமானி 75 காட்டினால் அது உண்மை பேசுகிறது. 70 காட்டினால், எப்போதும் ஐந்து குறைத்துச் சொல்லும் மானி அது. அதற்கு ஏற்பக் கூட்டிக்கொள்ளலாம்.

சுருட்டுக்கு 75 சற்று அதிகம். இதே உப்புத் தந்திரத்தில், வேறு உப்புகளைக் கொண்டு 65-லும் 69-லும் நிறுத்தும் சிறு பொட்டலங்கள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. ஈரம் குறைந்தால் கொடுக்கும். கூடினால் வாங்கிக்கொள்ளும். டப்பாவுக்குள் ஒன்றைப் போட்டுவிட்டால் போதும். பொட்டலம் கல் மாதிரி இறுகும்போது மாற்ற வேண்டும். செலவு செய்வதானால் இதற்குச் செய்யலாம். பெட்டிக்குச் செய்ய வேண்டியதில்லை.

எந்த டப்பா ஆகும்?

ஊறுகாய் ஜாடி ஆகாது. எத்தனை தரம் கழுவினாலும் வாசனை போகாது. சுருட்டு அந்த வாசனையைப் பிடித்துக்கொள்ளும். மண்சட்டியும் ஆகாது. அது மூச்சு விடும் பாத்திரம். புது டப்பாவிலும் பிளாஸ்டிக் வாடை அடிக்கும். சமையல் சோடா போட்டுக் கழுவி, வாடை போகும்வரை திறந்து வைக்க வேண்டும். மூடியபடி தண்ணீருக்குள் அமுக்கிப் பார்த்தால், குமிழி வருகிறதா என்று தெரிந்துவிடும். குமிழி வந்தால் அந்த டப்பா வேண்டாம்.

மரவாசனை இல்லையே என்று ஏங்குவோர் உண்டு. ஈரப்பெட்டிக்கு உள்ளே பதிக்கும் மரத்துக்கு ‘ஸ்பானிஷ் சீடர்’ என்று பெயர். அது ஸ்பெயின் மரமும் அல்ல, தேவதாரு இனமும் அல்ல. நமது வேப்பமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது! மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் சந்தனவேம்பு அதற்கு நெருங்கிய உறவு. நல்ல சுருட்டுப் பெட்டிகளில் இந்த மரத்தின் மெல்லிய தகடு வருவதுண்டு. அதை எறியாமல் எடுத்து டப்பாவுக்குள் போட்டால் வாசனையும் வந்துவிடும்.

நமது ஊரில் ஈரத்தைவிடப் பெரிய விரோதி சூடு. புகையிலை வண்டு என்று ஒரு பூச்சி இருக்கிறது. அரிசி மணியைவிடச் சிறியது. இலையிலேயே முட்டை இட்டுவிடும். முட்டை கண்ணுக்குத் தெரியாது. சூடு ஏற ஏறப் பொரித்து, குண்டூசி குத்தியதுபோல் சுருட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். புதிதாக வாங்கிய சுருட்டைக் காற்றுப் புகாத பையில் போட்டு, பிரிட்ஜின் ஐஸ் அறையில் ஒரு வாரம் வைத்தால் வண்டும் முட்டையும் சாகும். பிறகு ஒரு நாள் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, அப்புறம் வெளியே எடுக்க வேண்டும். சட்டென்று வெளியே எடுத்தால் மேல் இலை வெடிக்கும். டப்பாவை அடுப்புக்குப் பக்கத்திலும் ஜன்னல் வெயிலிலும் வைக்கக்கூடாது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எவ்வளவு பக்குவமாக வைத்தாலும் சுருட்டின் கெடுதல் குறையாது. புகையை நெஞ்சுக்குள் இழுக்காதவருக்கும் வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் வரும். பக்குவமாக வைத்த பத்துச் சுருட்டு ஒரு வருஷத்துக்கு வருமானால், “காய்ந்துவிடுமே” என்று அவசரமாக ஊதித் தள்ளவேண்டிய கட்டாயம் இல்லை. அந்த அளவுக்குத்தான் டப்பா உதவும்.

வீட்டில் உள்ள பெண்களுக்கு ஒரு வார்த்தை. சுருட்டுக்குக் கொடுத்த டப்பா திரும்ப அடுப்பங்கரைக்கு வரக்கூடாது. அதில் பருப்போ, சர்க்கரையோ போடக்கூடாது. புகையிலையைக் குழந்தை வாயில் போட்டால் அது விஷம். மூடிமேல் பெரிய எழுத்தில் ‘சுருட்டு’ என்று எழுதி, குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில், முடிந்தால் பூட்டியே வைக்க வேண்டும்.