ஒன்றேகால் ஷில்லிங்கில் ஒரு நாள்... லண்டன் முதல் மான்செஸ்டர் வரை ஒரு தோள்பைப் பயணம்!

திருவண்ணாமலையில் காலை நேரத்தில் செங்கம் சாலைப் பக்கம் போய்ப் பாருங்கள். முதுகில் பெரிய பையோடு ஒரு வெளிநாட்டுப் பயணியாவது டீக்கடை முன்னால் நின்றுகொண்டிருப்பார். ரமணாசிரமத்துக்கும் மலைக்குமாக வந்து போகும் அவர்களைப் பார்த்துப் பார்த்து ஊருக்கே பழகிவிட்டது. டீக்கடைக்காரரே நாலு வார்த்தை இங்கிலீஷில் வழி சொல்லிவிடுவார்.

சரி, அங்கிருந்து இங்கே வருகிறார்கள். இங்கிருந்து அதே மாதிரி தோளில் பையை மாட்டிக்கொண்டு அங்கே போனவர் யாராவது உண்டா?

உண்டு. இதே ஊரில் பள்ளிக்கூடம் படித்த ஏ.கே.செட்டியார். அவர் யாரைத் தேடி உலகம் சுற்றினாரோ, அந்த மனிதர் லண்டனில் ஒரு நாளைக்கு ஒன்றேகால் ஷில்லிங்கில் வாழ்ந்து காட்டியவர். இன்றைக்கு இங்கிலாந்து போக ஆசைப்படும் எவருக்கும் இந்த இரண்டு பேரைவிட நல்ல வழிகாட்டி கிடைக்க மாட்டார்கள்.

கப்பலில் வந்த யோசனை

செட்டியார் 1911-ல் கோட்டையூரில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு திருவண்ணாமலையில். பர்மாவுக்குப் போய் 'தனவணிகன்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தார். பிறகு டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தார்.

1937 அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் 'சமாரியா' கப்பலில் இருக்கிறார். அன்று காந்தியின் பிறந்தநாள். 'காந்தியைப் பற்றி ஒரு டாக்குமென்டரி எடுத்தால் என்ன?' என்று தோன்றுகிறது. அப்போது அவருக்கு வயது 26கூட நிறையவில்லை.

தோன்றியதோடு விடவில்லை. யார் யாரோ, எந்தெந்த நாட்டிலோ காந்தியைப் படம் பிடித்துவைத்த சுருள்களைத் தேடி நான்கு கண்டங்களில் சுமார் ஒரு லட்சம் மைல் அலைந்தார். முப்பது ஆண்டுகளில் நூறு பேர் எடுத்த காட்சிகள், மொத்தம் 50,000 அடி ஃபிலிம் சேர்ந்தது. அதிலிருந்து 12,000 அடிக்குப் படத்தைத் தொகுத்து, 1940 ஆகஸ்டில் தமிழில் வெளியிட்டார். வெள்ளைக்காரன் ஆட்சி நடந்துகொண்டிருந்த காலம் அது என்பதை மறந்துவிடக் கூடாது! அதே ஆண்டில் வந்த அவருடைய புத்தகத்தின் பெயர் 'உலகம் சுற்றும் தமிழன்'.

சரி, செட்டியார் தேடிய அந்த மனிதரின் தடம் இங்கிலாந்தில் எங்கே இருக்கிறது? லண்டனில் ஒரு ரயில் பாதை நெடுக இருக்கிறது. அங்கிருந்து மான்செஸ்டர் வரை நீள்கிறது.

தினம் ஒரு கிரிவலம்

1888-ல் சட்டம் படிக்க லண்டனில் இறங்கியபோது காந்திக்கு வயது ஏறக்குறைய 19. முதல் சில மாதங்கள் அவரும் எல்லா இளைஞர்களையும் போலத்தான் இருந்தார். 19 ஷில்லிங்குக்குத் தொப்பி, பாண்ட் தெருவில் பத்து பவுண்டுக்குக் கோட்டு சூட்டு, மூன்று பவுண்டுக்கு வயலின், நடன வகுப்புக்கு இன்னொரு மூன்று பவுண்டு. எல்லாம் அண்ணன் ஊரிலிருந்து அனுப்பிய பணம்!

மூன்று மாதத்தில் மயக்கம் தெளிந்தது. காலணா செலவையும் விடாமல் கணக்கு எழுத ஆரம்பித்தார். பெரிய அறைகளை விட்டுவிட்டு வாரம் எட்டு ஷில்லிங் வாடகையில் ஒரே அறைக்கு மாறினார். ஒரு ஸ்டவ் வாங்கிக்கொண்டார். காலையில் ஓட்ஸ் கஞ்சி, கோகோ. மதியம் வெளியில் சாப்பாடு. ராத்திரிக்கு ரொட்டியும் கோகோவும். ஆக, ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ். அதாவது ஒன்றேகால் ஷில்லிங். ஒரு பவுண்டை வைத்துக்கொண்டு 16 நாள் ஓட்டிவிடலாம்.

பஸ் காசை மிச்சம் பிடிக்க தினமும் எட்டிலிருந்து பத்து மைல் வரை நடந்தார். நம் கணக்கில் 13 முதல் 16 கிலோமீட்டர். அண்ணாமலையார் மலையைச் சுற்றும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ஆக, லண்டனில் அவர் தினம் ஒரு கிரிவலம் போயிருக்கிறார்!

ஒரே பச்சைக் கோடு

லண்டன் மெட்ரோ வரைபடத்தில் பச்சை நிறத்தில் ஒரு பாதை இருக்கும். பெயர் டிஸ்ட்ரிக்ட் லைன். காந்தியின் லண்டன் முக்கால்வாசி இந்த ஒரே பாதையில் வந்துவிடும் என்பதுதான் ஆச்சரியம். மேற்கிலிருந்து கிழக்காகப் போனால்...

பேரன்ஸ் கோர்ட் ஸ்டேஷன்: இறங்கி நடந்தால் பேரன்ஸ் கோர்ட் சாலை, 20-ம் எண் வீடு. மாணவராக காந்தி தங்கிய இடம் என்று சொல்லும் நீல வட்டப் பலகை சுவரில் இருக்கும். உள்ளே போக முடியாது. தெருவில் நின்று பார்த்துவிட்டு நகர வேண்டியதுதான்.

வெஸ்ட்மின்ஸ்டர் ஸ்டேஷன்: வெளியே வந்தால் நாடாளுமன்றச் சதுக்கம். 2015-ல் திறக்கப்பட்ட காந்தி சிலை இங்கே நிற்கிறது. அதே சதுக்கத்தில், காந்தியைக் கடைசிவரை பிடிக்காத சர்ச்சிலுக்கும் சிலை இருக்கிறது.

டெம்பிள் ஸ்டேஷன்: பெயரைப் பார்த்து கோயில் என்று நினைத்துவிடாதீர்கள். காந்தி சட்டம் படித்த இன்னர் டெம்பிள் இதன் பக்கத்தில்தான். 1891 ஜூன் 10-ம் தேதி வக்கீல் ஆனார். இரண்டே நாளில் ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

பிராம்லி-பை-போ ஸ்டேஷன்: இந்தப் பயணத்தில் தவறவிடக் கூடாத இடம் இதுதான். 1931-ல் வட்டமேஜை மாநாட்டுக்கு வந்த காந்தி, ஹோட்டல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கிழக்கு லண்டனின் ஏழைத் தொழிலாளர் பகுதியில் இருக்கும் கிங்ஸ்லி ஹாலில் தங்கினார். மியூரியல் லெஸ்டர் என்ற சமூக சேவகி நடத்திய இடம். மொட்டை மாடியில் ஒரு சின்ன அறை. சுமார் 12 வாரம் அங்கேதான். அதிகாலையில் அந்தத் தெருக்களில் நடப்பார். பிள்ளைகள் பின்னால் ஓடிவருவார்கள். கட்டடம் இன்றும் மக்கள் மன்றமாக இயங்குகிறது. உள்ளே பார்க்க வேண்டுமானால் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது நல்லது.

ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷன்: இங்கே பசிக்காகவே இறங்கலாம். தமிழ்க் கடைகள், இட்லி, தோசை, சாப்பாடு எல்லாம் உண்டு. 'தம்பி, எந்த ஊரு?' என்று யாராவது கேட்டாலும் கேட்பார்கள்.

மான்செஸ்டர் என்றால் கோயம்புத்தூர்!

கோவையை 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அசல் மான்செஸ்டரைப் பார்க்க வேண்டாமா?

லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனிலிருந்து மான்செஸ்டருக்கு நேரடி ரயில் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். ரயில் ஏறுவதற்கு முன்னால் பக்கத்தில் இருக்கும் டாவிஸ்டாக் சதுக்கத்தை எட்டிப் பார்க்கலாம். 1968-ல் வைத்த காந்தி சிலை அங்கே சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. காலடியில் யாராவது பூ வைத்திருப்பார்கள்.

மான்செஸ்டரும் சுற்றியிருக்கும் லங்காஷயரும் பருத்தியால் பணக்காரர்களான ஊர்கள். இந்தியாவிலிருந்து பஞ்சு போகும், அங்கே துணியாகி இந்தியாவுக்கே திரும்பி வரும். நம் ஊர்த் தறிகள் ஓய்ந்துபோனது அந்தக் கதையில்தான். பட்டுத்தறிக்குப் பேர்போன ஆரணி இதே திருவண்ணாமலை மாவட்டத்தில்தான் இருக்கிறது. தறி நின்றால் வீட்டில் அடுப்பு என்னவாகும் என்று அங்கே யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்நியத் துணி பகிஷ்காரத்தை காந்தி முன்னெடுத்தபோது, அதே அடி அங்கேயும் விழுந்தது. உலகப் பொருளாதார மந்தம், ஜப்பான் துணியின் போட்டி என்று வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் லங்காஷயரில் வேலை இழந்தவர்களுக்கு காந்தியின் பெயர் நன்றாகவே தெரியும். அவர்களை நேரில் போய்ப் பார்ப்பேன் என்று கிளம்பினார் காந்தி.

1931 செப்டம்பர் கடைசியில் டார்வென் என்ற மில் ஊருக்குப் போனார். கல்லடி விழுமோ என்று பயப்படும்படியான பயணம்தான். வேலை போன குடும்பங்களின் குறையைக் கேட்டுக்கொண்டார். தன் பக்கத்தையும் மறைக்காமல் சொன்னார். உங்கள் நாட்டில் வேலை இல்லாதவர்கள் முப்பது லட்சம் பேர். எங்கள் நாட்டில் ஆண்டில் பாதி நாள் வேலை இல்லாமல் இருப்பவர்கள் கிட்டத்தட்ட முப்பது கோடிப் பேர் என்பதுதான் அவர் சொன்ன கணக்கு. பகிஷ்காரத்தைக் கைவிடுவதாக அவர் வாக்குக் கொடுக்கவில்லை.

ஆனால், நடந்தது என்ன தெரியுமா? அங்கே எடுத்த ஒரு புகைப்படம் இன்றும் பிரபலம். கதர் போர்த்திய காந்தியைச் சுற்றி மில் பெண்கள் கையை உயர்த்தி ஆரவாரம் செய்கிறார்கள். தங்கள் பிழைப்பில் கை வைத்தவர் என்று கோபப்பட வேண்டியவர்கள், வீடு தேடி வந்து உட்கார்ந்து பேசிய மனிதரைச் சிரித்த முகத்தோடு வரவேற்றார்கள்.

மான்செஸ்டர் விக்டோரியா ஸ்டேஷனிலிருந்து டார்வெனுக்கு ஒரு மணி நேரத்துக்குள் ரயிலில் போய்விடலாம். நகரத்துக்குள்ளேயே பார்க்க வேண்டியவையும் உண்டு. அறிவியல், தொழில் அருங்காட்சியகம் இருக்கும் இடம் 1830-ல் திறந்த பழைய ரயில் நிலையம். உலகில் இன்றும் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய பயணிகள் ரயில் நிலையம் அது. தொழிலாளர் வரலாற்றுக்கு என்றே மக்கள் வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. துணி வியாபாரி ஜான் ரைலண்ட்ஸ் நினைவாக அவர் மனைவி கட்டி, 1900-ல் திறந்த நூலகம் கோட்டை மாதிரி நிற்கிறது. மூன்றுக்கும் நுழைவு இலவசம்.

மான்செஸ்டர் கதீட்ரல் அருகே 2019-ல் காந்திக்குச் சிலை வைத்தார்கள். வைக்கக் கூடாது என்று மாணவர்களில் ஒரு பகுதியினர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்களைப் பற்றி அவர் எழுதியவை அவர்களுடைய கேள்வி. சிலையைப் பார்க்கப் போகிறவர்கள் அந்தக் கேள்வியையும் தெரிந்துகொண்டு போவதே சரி.

பை கட்டும் முன்...

* சுற்றுலா விசாவுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். கைரேகைக்கு நேரில் போக வேண்டும். வங்கிக் கணக்கு, வேலை, திரும்பி வருவதற்கான ஆதாரங்கள் தெளிவாக இருக்கட்டும். விசா கையில் வருவதற்கு முன் பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட் எடுக்காதீர்கள்.

* ஹாஸ்டலில் பல பேர் தங்கும் டார்மெட்ரி படுக்கைதான் மலிவு. சமையலறை இருக்கிறதா என்று பார்த்து பதிவு செய்யுங்கள். அரிசியும் ரசப்பொடியும் இருந்தால் பாதிச் செலவு மிச்சம்.

* இறைச்சி, பால் பொருள்களை இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குள் கொண்டுபோகத் தடை. அம்மா ஆசையாகக் கட்டிக்கொடுத்தாலும் நெய், பால்கோவா வேண்டாம்.

* ரயில் டிக்கெட்டை முன்னதாக எடுத்தால் விலை குறைவு. அதைவிடக் குறைவு லண்டன் விக்டோரியாவிலிருந்து கிளம்பும் பஸ். சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்.

* லண்டன் மெட்ரோவில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு உண்டு. நாள் முழுக்க ஒரே கார்டைத் தட்டினால்தான் அந்தக் கணக்கு வேலை செய்யும்.

* குழாய்த் தண்ணீரே குடிக்கலாம். பாட்டில் எடுத்துப்போனால் போதும்.

* டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். நடந்து பார்க்க மே முதல் செப்டம்பர் வரை வசதி. மான்செஸ்டருக்கு எந்த மாதம் போனாலும் மழைக்கோட்டு அவசியம்!

செட்டியார் அலைந்து எடுத்த படம் பல ஆண்டுகள் தொலைந்துபோனதாகவே கருதப்பட்டது. 1953-ல் அவர் ஆங்கிலத்தில் தயாரித்த பதிப்பின் பிரதி மட்டும் பிற்பாடு அமெரிக்காவில் கிடைத்தது. அதைத் தேடிப் பிடிக்கவும் வரலாற்றாய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி போல இன்னொரு தமிழர் அலைய வேண்டியிருந்தது.

கடைசியாக ஒரு யோசனை. பையில் எடுத்துப்போக நினைக்கும் அத்தனையையும் அடைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு சாதாரண நாளில் விடியற்காலையில் கிரிவலப் பாதையை ஒரு சுற்று சுற்றுங்கள். 14 கிலோமீட்டர் முடியும்போது எதையெல்லாம் வீட்டிலேயே விட்டுப் போகலாம் என்று தோளே சொல்லிவிடும்!