வணிக மறையும் வழக்குமன்றமும்

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் வழக்கைத் தீர்த்து வைத்தது வாதத் திறமன்று; சிலம்பினுள் இருந்த பரலே. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். கோப்பெருந்தேவியின் சிலம்பில் முத்து. உடைத்துப் பார்த்த பின்னரே உண்மை புலப்பட்டது. அந்த ஆய்வு கோவலன் கொலையுண்பதற்கு முன்னரே நிகழ்ந்திருந்தால் காப்பியத்தின் போக்கே மாறியிருக்கும். மறைந்திருப்பதைத் திறந்து பாராமல் நீதி வழங்குதல் அரிது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஆயின், திறந்து பார்த்த அளவிலேயே மதிப்பிழந்து போகும் பொருளாக அஃது இருப்பின், மன்றம் என் செய்வது?

வணிக இரகசியம் அத்தகைய பொருளேயாகும். காப்புரிமை பெறுவோர் தம் கண்டுபிடிப்பை உலகறிய எழுதி வைக்கின்றனர். அதற்கு ஈடாகச் சட்டம் 20 ஆண்டுக் காப்பு அளிக்கிறது. இரகசியத்திற்கோ கால எல்லை இல்லை. காக்கும் வரை அஃது உடைமை. ஒருமுறை வெளிப்பட்டால் மீட்பதற்கு வழியில்லை.

இந்த இடர்ப்பாட்டை மிகுதியாகச் சந்தித்தவை அமெரிக்க நீதிமன்றங்கள். அந்நாட்டில் விசாரணை தொடங்குமுன்னரே எதிர்த்தரப்பின் கையிலுள்ள ஆவணங்களையும் செய்திகளையும் கேட்டுப் பெறும் உரிமை வழக்காடுவோர்க்கு உண்டு. 'டிஸ்கவரி' எனப்படும் இந்நடைமுறையை 1938ஆம் ஆண்டின் கூட்டாட்சி உரிமையியல் விதிகள் விரிவாக வகுத்தன. வணிக இரகசியம் வெளிப்பட நேரும்போது பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் அவ்விதிகளின்படி நீதிபதிக்கு உண்டு.

இதற்கு முன்னரே, 1917இல், அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழி காட்டியிருந்தது. செயற்கைத் தோல் செய்யும் தன் மறைமுறைகளைத் தன் முன்னாள் ஊழியர் பயன்படுத்த முற்படுகிறார் என்று டூபாண்ட் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. எதிர்வாதத்திற்காக அம்முறைகளை வல்லுநர்களிடம் கூற வேண்டும் என்றார் ஊழியர். வழக்கறிஞரிடம் கூறலாம், வெளியாரிடம் கூறுவது பற்றி நீதிமன்றமே முடிவு செய்யும் என்பது தீர்ப்பு. இத்தகைய வழக்குகளின் தொடக்கப்புள்ளி உடைமையன்று, ஒருவர் மற்றொருவர்பால் வைத்த நம்பிக்கையே என்று நீதியரசர் ஹோம்ஸ் அன்று தெளிவுபடுத்தினார்.

இக்கொள்கைக்குப் பெருஞ்சோதனையாக வந்தது 1980களின் கோகோ கோலா வழக்கு. பழைய ஒப்பந்தங்களின்படி இப்பானத்துக்குரிய பாகை நிறுவனத்திடம் வாங்கிப் புட்டிகளில் அடைத்து விற்றுவந்த சில நிறுவனங்கள் வாதிகள். 1982இல் 'டயட் கோக்' சந்தைக்கு வந்தபோது, அதுவும் கோகோ கோலாவே, ஆதலால் பழைய ஒப்பந்தம் அதற்கும் பொருந்தும் என்றன அவை. இரண்டும் வேறு வேறு பானங்கள் என்றது நிறுவனம். ஒன்றா வேறா என்பதை அறிய இரண்டின் முழுச் செய்முறையும் தேவை என்று வாதிகள் கேட்டனர்.

அட்லாண்டா நகர வங்கியொன்றின் காப்பறையில் செய்முறை உள்ளது என்றும், இருவர் மட்டுமே அதனை அறிவர் என்றும் நிறுவனம் எடுத்துரைத்தது. நம் நாடும் அவ்வழக்கில் சான்றாக நின்றது. செய்முறையை வெளியிட மனமின்றியே இந்தியச் சந்தையைத் துறந்ததாக நிறுவனம் கூறியது. 1977இல் அது இந்தியாவை விட்டு வெளியேறியதும், அயல்நாட்டுப் பங்கினை 40 விழுக்காடாகக் குறைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதற்கொரு காரணமாக இருந்ததும், 1993இல் அது மீண்டும் வந்ததும் நாம் அறிந்தவையே.

டெலவேர் நீதிபதி மர்ரி ஷ்வார்ட்ஸ் 1985இல் செய்முறையை வெளிப்படுத்துமாறு ஆணையிட்டார். ஊரறிய அன்று, வாதிகளின் வழக்கறிஞர்களும் சார்பற்ற வல்லுநர்களும் மட்டும் காணுமாறு, கடுமையான கட்டுப்பாடுகளுடன். ஆணைக்குப் பணிய நிறுவனம் மறுத்தது. அதற்காக வழக்கையே வாதிகளுக்கு வழங்கிவிட வேண்டும் என்ற வேண்டுகோளை 1986இல் நீதிபதி ஏற்கவில்லை. செய்முறை இறுதிவரை வெளிவரவில்லை.

நிறுவனத்தின் உறுதியைப் பாராட்டுவோர் பலர். நான் அவர்களோடு உடன்படேன். 'இரண்டும் வேறு' என்று வழக்கில் வாதிட்டவர் அந்நிறுவனத்தாரே. வேறுபாட்டைக் காட்டும் சான்றோ அவர்களது பெட்டகத்தில் மட்டுமே உள்ளது. சான்றைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, தம் சொல்லை மட்டும் நம்புமாறு கேட்பது வழக்காடும் முறையாகாது. இரகசியம் தன்னைக் காக்கும் கேடயமாகலாம். பிறர் உரிமையை வெட்டும் வாளாகக் கூடாது.

கேட்டவர்க்கெல்லாம் பெட்டகத்தைத் திறக்க வேண்டும் என்பதும் என் கருத்தன்று. போட்டியாளரின் செய்முறையை அறிவதற்கென்றே வழக்குத் தொடுப்போரும் உளர். ஆகவே மூன்று வினாக்கள் முறையே எழ வேண்டும். உண்மையில் இஃது இரகசியந்தானா? இதனை அறியாமல் வழக்கைத் தீர்க்க இயலாதா? வெளியிடுவதால் வரும் கேடு பெரிதா, மறைப்பதால் வரும் கேடு பெரிதா? முதல் வினாவுக்கு விடையளிக்கும் சுமை இரகசியம் என்பவரையும், இரண்டாவதன் சுமை கேட்பவரையும் சாரும். மூன்றாவது நீதிபதியின் நெஞ்சைச் சாரும். எல்லாத் தாளிலும் 'இரகசியம்' என முத்திரை குத்தும் பழக்கத்திற்கு இவ்வரிசையே மருந்து.

நம் நாட்டிலும் இச்சிக்கல் வளர்ந்து வருகிறது. ஆவணங்களைக் கேட்டுப் பெறும் உரிமையை 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டமே வழங்கியது. 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம் அதனை விரிவாக்கியது. குறிப்பிட்ட சிலர் மட்டுமே இரகசிய ஆவணங்களைக் காணும் குழு முறையை டில்லி உயர் நீதிமன்றம் 2018ஆம் ஆண்டின் விதிகளில் சேர்த்தது. வணிக இரகசியங்களுக்கெனத் தனிச் சட்டம் வேண்டுமெனச் சட்ட ஆணையம் 2024இல் வரைவுடன் பரிந்துரைத்தது.

அச்சட்டம் இயற்றுவோர் சிறு தொழில் செய்வோரை மறத்தலாகாது. தோல் பதனிடுவோரும் சாயப்பட்டறை நடத்துவோரும் தம் கலவை முறையைப் பெட்டகத்தில் வைப்பதில்லை. தம் மனத்திலும் நம்பிக்கைக்குரிய தொழிலாளியின் கையிலும் வைத்திருக்கின்றனர். பெருநிறுவனத்தை எதிர்த்து அவர்கள் மன்றம் ஏறும்போது, வழக்கிடுவதே இரகசியத்தை இழப்பதாக முடியும் எனில் யார்தாம் வழக்கிடுவர்? காணும் உரிமையை வழக்கறிஞரோடு நிறுத்திவிட்டால், தொழில் நுட்பம் அறியாத அவர் எதனை எடுத்துரைப்பார்? நடுநிலை வல்லுநரை நீதிமன்றமே அமர்த்தி, அவர் ஊதியத்தை எளியவர்மேல் சுமத்தாதிருத்தல் வேண்டும். ஆணையை மீறிச் செய்தி கசியவிடுவோர்க்குத் தண்டனை விரைவாகவும் உறுதியாகவும் அமைதல் வேண்டும்.

மன்றத்தில் ஒப்படைத்த இரகசியம் அடைக்கலப் பொருளாகும். அதனைக் காக்கத் தன்னால் இயலும் என்று மன்றம் மெய்ப்பித்துக் காட்டினால்தான், 'திற' என்று ஆணையிடும் தகுதி அதற்கு முழுமையாக வாய்க்கும்.