வரிசையில் நிற்கும் மரங்கள்



கோடை விடுமுறைக்குக் கோடைக்கானல் சென்று திரும்பிய குடும்பம் ஒன்று, சென்ற மாதம் வடபழனியிலுள்ள எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தது. எடுத்து வந்த படங்களை அவர்கள் காட்டிக்கொண்டிருக்கையில், இளைய மகள் பைன் காட்டின் படத்தைச் சுட்டி, "தாத்தா, இந்த மரங்களெல்லாம் ஏன் பள்ளிக்கூடத்தில் நாங்கள் நிற்பதுபோல் வரிசையாக நிற்கின்றன? காடு என்றால் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டாள். பெரியவர்கள் நகைத்தனர். ஆயினும், காட்டியல் அறிஞர்கள் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவரும் கேள்வி அது. அதற்குரிய விடையை இம்மாதம் காண்போம்.

அவள் கண்ட காடு மனிதர் நட்ட காடு. 1906ஆம் ஆண்டில் பிரையண்ட் என்னும் ஆங்கிலேய அதிகாரி அதனை நடத் தொடங்கியதாகக் கூறுவர். தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் பைன் இனம் எதுவும் இல்லை. இமயத்தின் சரிவுகளில் சிர் பைன் உண்டு. மேகாலயக் குன்றுகளில் காசி பைன் உண்டு. நம் பழனி மலைத்தொடரின் உச்சிகளிலோ பரந்த புல்வெளிகளும், அவற்றின் மடிப்புகளில் சோலைக்காடுகளுமே தொன்றுதொட்டு இருந்துவந்தன. தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரமும், மரக்கூழுக்காகத் தைல மரமும், மெக்சிகோ நாட்டுப் பைன் மரமும் பின்னாளில் அப்புல்வெளிகளில் நடப்பட்டன. நட்டவர்கள் கயிறு பிடித்து, சம தூரத்தில் குழி தோண்டினர். அக்கயிற்றின் தடமே அச்சிறுமியின் கண்ணில் பட்ட வரிசை.

அங்ஙனமாயின், தானாக வளரும் பைன் காட்டில் மரங்கள் எவ்வாறு நிற்கும்? பைன் விதைக்கு மெல்லிய சிறகு ஒன்று உண்டு. காற்று அதனைச் சுமந்து செல்லும். எனினும் பெரும்பாலான விதைகள் தாய்மரத்திற்கு வெகுதொலைவில் விழுவதில்லை. ஆகவே இளங்கன்றுகள் கும்பல் கும்பலாக முளைக்கின்றன. வளர வளர, ஒளிக்கும் நீருக்கும் அவற்றினிடையே போட்டி மூள்கிறது. நலிந்தவை மடிகின்றன, எஞ்சியவற்றின் இடைவெளி விரிகிறது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலுள்ள பாண்டரோசா பைன் காடுகளில் தீயும் இப்பணியில் பங்கு கொண்டது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு பரவிய சிறு தீ கன்றுகளுள் பலவற்றை எரித்தது. தடித்த பட்டை உடைய முதுமரங்களை விட்டுவைத்தது. அதனால் தனி மரங்கள், சிறு கூட்டங்கள், வெற்றிடங்கள் ஆகிய மூன்றும் கலந்த அமைப்பு உருவாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் எல்லாத் தீயையும் உடனுக்குடன் அணைக்க முற்பட்டனர். வெற்றிடங்கள் இளமரங்களால் அடைந்துபோயின. இன்று அங்கே தீப்பிடித்தால், அது இளமரங்களை ஏணியாகக்கொண்டு உச்சிக் கிளைகளுக்குத் தாவி, முதுமரங்களையும் அழிக்கிறது.

மரங்களின் இவ்வமைப்பை அளந்தறியும் எளிய முறை ஒன்றை 1954ஆம் ஆண்டில் கிளார்க், எவன்ஸ் என்னும் இருவர் வெளியிட்டனர். ஒவ்வொரு மரத்திலிருந்தும் அதற்கு மிக அருகிலுள்ள மரம் எவ்வளவு தூரம் என்று அளந்து சராசரி காணவேண்டும். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 400 மரங்கள் இருப்பதாகக் கொள்வோம். கைப்பிடித் தானியத்தை இறைத்ததுபோல் அவை சிதறி நின்றால், அச்சராசரி ஏறத்தாழ 2.5 மீட்டர் வரும். அதனினும் குறைந்தால் அவை கூட்டங்கூட்டமாக நிற்கின்றன என்று பொருள். மிகுந்தால் ஒழுங்காக விலகி நிற்கின்றன என்று பொருள். சதுரக் கட்டங்களில் நட்ட தோட்டமாயின், ஒவ்வொரு மரத்திற்கும் சரியாக 5 மீட்டர், அதாவது இரு மடங்கு வரும். பூங்காவுக்கு ஓர் அளவுநாடாவை எடுத்துச் சென்றால் நம் பிள்ளைகளும் இதனைச் செய்து பார்க்கலாம்.

மரங்கள் எப்படி நின்றால் நமக்கென்ன என்று சிலர் எண்ணக்கூடும். நம் வடபழனிக்குப் பெயர் தந்த பழனி, இம்மலைகளின் வடக்கு அடிவாரத்திலேயே உள்ளது. மலையில் பெய்யும் மழையே அடிவாரத்து ஊர்களின் குடிநீரும் வயல்நீரும் ஆகிறது. மலை உச்சிப் புல்வெளி வெறும் பொட்டல் அன்று. மழைநீரை மண்ணில் ஏற்று, ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக விடுவது அதுவே. 1973ஆம் ஆண்டின் செயற்கைக்கோள் படங்களையும் 2014ஆம் ஆண்டின் படங்களையும் ஒப்பிட்டு, 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, பழனி மலைகளின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகக் கூறுகிறது. அவ்விடத்தைப் பிடித்தவை மரத்தோட்டங்களும் விளைநிலங்களுமே. தென்னாப்பிரிக்காவில் மொக்கோபுலான் என்னுமிடத்தில், ஓர் ஓடையின் நீர்ப்பிடிப்புப் புல்வெளி முழுவதிலும் இதே மெக்சிகோப் பைனை நட்டுச் சோதித்தனர். பன்னிரண்டாம் ஆண்டில் அவ்வோடை வற்றிவிட்டது.

அப்படியானால் பைன் மரங்களையெல்லாம் உடனே வெட்டி வீழ்த்திவிடலாமா? அதுவும் தவறாகும். பழனி மலைகளின் பழைய தோட்டங்கள் சிலவற்றில், அயல்மரங்களின் நிழலிலேயே சோலை மரக்கன்றுகள் முளைத்து வளர்வதைக் கண்டுள்ளனர். காற்றும் பறவைகளும் கொணர்ந்த அவ்விதைகள் எக்கயிற்றுக்கும் அடங்குவதில்லை. முழுவதும் வெட்டினால் அவையும் அழியும். சீகை இருந்த மண்ணாயின் புதைந்துகிடக்கும் அதன் விதைகள் மீண்டும் கிளம்பும். எங்கே சோலை மீள்கிறது, எங்கே புல்வெளியைக் காக்கவேண்டும் என்று இடமறிந்து செய்யவேண்டிய பணி இது. அதற்கு முதலில் செடிகளை அடையாளம் காணவேண்டும். சேசு சபைக் குருவான அருட்தந்தை கே. எம். மேத்யூ 1969ஆம் ஆண்டிலேயே கோடைக்கானலின் அயல்நாட்டுத் தாவரங்களைப் பற்றித் தனி நூல் எழுதினார். 1999இல் பழனி மலைத் தாவரங்கள் அனைத்தையும் குறித்த பெருநூலை வெளியிட்டார். மலைகளை மீட்க முயல்வோருக்கு அவை இன்றும் துணைநிற்கின்றன.

எங்கள் குடியிருப்பில் நிகழ்ந்த ஒன்றையும் ஒளிக்காமல் கூறிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஆர்வ மிகுதியால், மதிலோரமாக மூன்றடிக்கு ஒன்று வீதம் பன்னிரண்டு புங்கங்கன்றுகளை நட்டோம். கன்றுகள் பல இருந்தால் நிழலும் பலவாகும் என்பது எங்கள் கணக்கு. அவை ஒன்றையொன்று நெருக்கி, ஒளி தேடி மெலிந்து உயர்ந்தன. இன்று நான்கே எஞ்சியுள்ளன. காட்டில் பைன் கன்றுகளுக்கு நேர்வதே இங்கும் நேர்ந்தது. நான்கை மட்டும் முதலிலேயே இடம்விட்டு நட்டிருந்தால், இந்நேரம் நல்ல நிழலில் அமர்ந்திருப்போம்.

ஆகவே, நம் இல்லத்திலோ பங்குக் கோவில் வளாகத்திலோ கன்று நட முனைவோர், எத்தனை நடுவது என்று எண்ணும் முன், முழுமரமாய் வளர்ந்தபின் அதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று எண்ணுவார்களாக. நடாமல் விடவேண்டிய இடமும் உண்டு என்பதை மறவாதிருப்போம். அச்சிறுமிக்கும் இதையே கூறினேன். அடுத்த விடுமுறையில் அளவுநாடாவுடன் மலையேறப் போவதாகச் சொல்லியிருக்கிறாள்.