மழைக்கு முன் வரும் காற்று

கோடையின் கடைசி வாரங்களில் காட்டுத்தீத் தடுப்புப் பணியில் இருப்பவர்கள் அடிக்கடி வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். மாசியிலிருந்து பச்சைக்குழையால் அடித்தும், எதிர்த்தீ வைத்தும் ஓய்ந்த உடம்பு முதல் இடியைக் கேட்டதும் தளர்ந்துவிடும். இனி மழை பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு வரும். இடிக்கும் மழைக்கும் இடைப்பட்ட அந்த அரைமணி நேரமே ஆகப் பெரிய ஆபத்து.

இடிமேகத்திலிருந்து விழும் மழை, கீழே உள்ள காய்ந்த வெப்பக் காற்றில் பாதி வழியிலேயே ஆவியாகிறது. அதனால் குளிர்ந்து கனத்த காற்று வேகமாகக் கீழிறங்கி, தரையில் மோதி, நாலாபுறமும் பாய்கிறது. மழைக்குப் பல கிலோமீட்டர் முன்னால் அது வந்து சேரும். விருத்தாசலம் பக்கத்து மங்கலம்பேட்டைக்காரர்களுக்கு இது புதிதல்ல. சித்திரை மாலையில் மேற்கே கல்வராயன் மலைப் பக்கம் கறுத்தால் முதலில் வருவது புழுதிதான். சில நாள் புழுதியோடு சரி, மழை வராது. இதே காற்று எரியும் மலைச்சரிவில் பாய்ந்தால், அதுவரை பக்கவாட்டில் மெல்ல ஊர்ந்த தீ, வேலை செய்பவர்களை நோக்கி முகம் திருப்பும்.

அமெரிக்காவின் அரிசோனாவில் யார்னெல் மலைத் தீயை 2013 ஜூன் 28 அன்று மூட்டியது மின்னல். இரண்டு நாள் கழித்து, நெருங்கி வந்த இடிமழையின் காற்று தீயின் திசையை மாற்றியது. எரிந்து முடிந்த பாதுகாப்பான பகுதியை விட்டு வேறிடம் போய்க்கொண்டிருந்த 19 தீயணைப்பு வீரர்கள் ஒரு பள்ளத்தாக்கில் சிக்கி மாண்டார்கள். அனைவரும் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள்.

நம் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீ பரவியபோது இடிமழை ஏதும் இல்லை. காய்ந்த புல், செங்குத்துச் சரிவு, வெயில் ஏற ஏற மேல்நோக்கி வீசும் காற்று, இவையே மலையேற வந்த 20க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறிக்கப் போதுமாக இருந்தன. விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் புகைபோக்கி நெருப்பை இழுப்பதுபோல, ஒடுங்கிய ஓடை தீயை மேலே இழுக்கும். சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது களத்தில் பயன்படும் கணக்கு. ஆகவே தீக்கு மேலே ஓடுவதும் ஓடைக்குள் இறங்குவதும் தப்பும் வழிகள் அல்ல.

குரங்கணிக்குப் பின் மலையேற்ற அனுமதி விதிகள் இறுகின. இந்திய வன அளவாய்வு நிறுவனத்தின் செயற்கைக்கோள் எச்சரிக்கை கைபேசிக்கே வருகிறது. நல்லதுதான். ஆனால் ஒரு செயற்கைக்கோள் ஓரிடத்தைப் பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை என்ற அளவில்தான் கடக்கிறது. பிற்பகல் மூன்று மணிக்குக் காற்று திரும்புவதை அது பார்த்துச் சொல்லாது.

புகை சொல்லும். காலையில் பள்ளத்தாக்கில் பாய்போல் படிந்து கிடக்கும் புகை, மேலே உள்ள காற்றடுக்கு இன்னும் மூடிபோல் அழுத்திக்கொண்டிருப்பதன் அடையாளம். வெயிலேறி அந்த மூடி உடைந்ததும் தீ சுறுசுறுப்படையும். புகை தூணாக நிமிர்ந்து எழுந்தால் தணல் தொலைவில் விழுந்து புதிதாகப் பற்றலாம். நிமிர்ந்த தூண் திடீரெனச் சாய்ந்தால் விலகுவதைத் தவிர வேறு வேலை இல்லை.

அமெரிக்கத் தீயணைப்பாளர் பால் கிளீசன் 1991இல் நான்கு தேவைகளை வகுத்தார்: கண்காணிக்க ஓர் ஆள், அறுந்துபோகாத தகவல் தொடர்பு, தப்பும் வழி, ஒதுங்கும் இடம். நம் குழுக்களில் முதல் தேவையே பெரும்பாலும் விடுபடுகிறது; ஆள் பற்றாக்குறையில் எல்லோர் கையிலும் குழை. ஐந்து பேர் போனால் ஒருவர் குழையைத் தொடாமல் புகையையும் மேற்கு வானத்தையும் மட்டும் பார்க்கட்டும். இடிமேகம் திரண்டால் மேல்சரிவில் இருப்பவர்கள் இறங்கிவிட வேண்டும். தீத்தடுப்புக் கோடு பாதியில் நின்றாலும் பரவாயில்லை. அப்படி இறங்கிய வேட்டைத் தடுப்புக் காவலரிடமோ தீக்காவலரிடமோ பின்னர் யாரும் விளக்கம் கேட்கக் கூடாது. அடுத்த தீப்பருவம் தொடங்கும் முன் ஒவ்வொரு வனச்சரகரும் இதை எழுத்து வடிவ ஆணையாகவே தர வேண்டும்.