பாரம் இறங்கிய பின்னும் வலிக்கும் முதுகு



உடல் எடையைக் குறைப்பதற்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் இன்று நம் சபைகளிலும் இருக்கிறார்கள். முப்பது, நாற்பது கிலோ குறைந்து ஆராதனைக்கு வரும் அவர்களைக் கண்டு நாம் மகிழ்கிறோம். ஆனால் அவர்களில் ஒருவர், “முதுகு தாங்க முடியாமல் வலிக்கிறது” என்று சொல்லும்போது நம் பேச்சு மாறிவிடுகிறது. “பாரமெல்லாம் இறங்கிவிட்டதே, இனி என்ன வலி?” என்கிறோம். “தேவன் செய்த நன்மையை மறக்கலாமா?” என்று கடிந்துகொள்கிறோம். “வாயைக் கட்டியிருந்தால் கத்தியே தேவைப்பட்டிருக்காது” என்று அவர்கள் இல்லாத இடத்தில் பேசுவோரும் உண்டு. இந்த மூன்று பேச்சுகளையும் நாம் விட்டுவிட வேண்டும் என்பதே இவ்வாரம் நான் சொல்ல விரும்புவது.

மூன்றாவது பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். உடற்பருமனைப் பெருந்தீனியின் விளைவாக மட்டும் பார்ப்பது அறியாமை. பரம்பரையும், ஹார்மோன்களும், உட்கொள்ளும் சில மருந்துகளும் அதில் பங்கு வகிக்கின்றன. குறைத்த எடையை மீண்டும் ஏற்றிக்கொள்ளவே உடல் முயல்கிறது, பசியும் கூடுகிறது. அதனால்தான் மருத்துவர்கள் சிலருக்கு அறுவைச் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறார்கள். இன்று பரவலாகச் செய்யப்படும் ஒரு முறையில் இரைப்பையின் ஏறக்குறைய முக்கால் பங்கு அகற்றப்படுகிறது. அதன்பின் சிறிது சிறிதாகவே உண்ண வேண்டும். சத்து மாத்திரைகளை ஆயுள் முழுவதும் எடுத்துக்கொள்ள வேண்டும். குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இதைக் குறுக்குவழி என்று சொல்பவர், அந்த வழியில் ஒரு வாரம் நடந்து பார்க்கட்டும்.

அடுத்து, “இனி என்ன வலி?” என்ற கேள்வி. எடை குறைந்தபின் முதுகுவலியும் முழங்கால்வலியும் பலருக்குத் தணிகின்றன என்பது உண்மையே. ஆனால் எல்லாருக்கும் அப்படி நிகழ்வதில்லை. பல ஆண்டுகள் மிகுந்த எடையைச் சுமந்த முதுகெலும்பின் தேய்மானம், எடை போனதும் மறைந்துவிடாது. மேலும், விரைவாக எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. முதுகையும் வயிற்றையும் தாங்கிப் பிடிக்கும் தசைகள் மெலிந்தால், முன்பைவிடக் குறைவான எடையைச் சுமக்கவும் முதுகு தடுமாறும். முன்பக்கம் கனத்திருந்த உடலுக்கு ஏற்ப நிற்கவும் நடக்கவும் பழகியவர், இப்போது புதிதாக நிற்கப் பழக வேண்டியிருக்கிறது. தொங்கும் தோலும் சிலருக்கு இடுப்பை இழுக்கிறது. உட்காரும் இடத்தில் மெத்தையாக இருந்த சதை குறைந்துபோவதால், வால் எலும்பு நேரே பலகையில் அழுந்தி வலிப்பதும் உண்டு.

எலும்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இச்சிகிச்சைக்குப் பின் கால்சியமும் வைட்டமின் டி சத்தும் உடலில் சேர்வது குறையலாம். எலும்பின் அடர்த்தியும் குறையலாம். மாதவிடாய் நின்ற பெண்கள் இதில் கூடுதல் கவனமாயிருக்க வேண்டும். பலவீனமான முதுகெலும்பு, ஒரு குடத்தைத் தூக்கியதற்கே நொறுங்கக்கூடும். ஆகவே இந்த வலியை அலட்சியப்படுத்துவது ஆபத்தானது.

இங்கே ஓர் எச்சரிக்கை. “சாட்சி கெட்டுப்போகுமே” என்று அஞ்சி வலியை மறைப்பவர்கள், மருந்துக்கடையில் தாங்களாகவே மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் புண்ணையும் இரத்தக்கசிவையும் உண்டாக்கக்கூடும். குறிப்பாகக் குடல் மாற்றுப்பாதை அமைக்கப்பட்டவர்கள் அவற்றைத் தவிர்க்கும்படி அறிவுறுத்தப்படுகிறார்கள். விரைவான எடைக் குறைவு பித்தப்பையில் கற்களை உண்டாக்குவதும் உண்டு. அந்த வலி வலது விலாவின் கீழே தொடங்கி முதுகுக்குப் பரவும். கால்கள் மரத்துப்போதல், பலம் குறைதல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல், காய்ச்சலோடு வரும் வலி, திடீரென எழும் கடும் வலி ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சாதாரண வலிக்கும் அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவரிடம் சொல்லுங்கள். போதிய புரத உணவும், பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தரும் பயிற்சிகளும் தசைகளை மீண்டும் பலப்படுத்த உதவும்.

இனி, “நன்மையை மறக்கலாமா?” என்ற கடிந்துகொள்ளுதல். லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் பதினெட்டு வருஷமாய் நிமிரக்கூடாதிருந்த ஒரு பெண்ணைக் காண்கிறோம். அவள் உதவி கேட்டதாக வேதம் சொல்லவில்லை. இயேசுவே அவளைக் கண்டு, அருகே அழைத்து, சுகமாக்கினார். ஜெப ஆலயத் தலைவனோ ஓய்வுநாளைப் பற்றிக் கோபமாய்ப் பேசினான். அவளுடைய முதுகைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஓய்வுநாளிலும் எருதையும் கழுதையையும் அவிழ்த்துக் கொண்டுபோய்த் தண்ணீர் காட்டுகிறவர்கள், இந்தப் பெண்ணின் கட்டு அவிழ்வதைப் பொறுக்கமாட்டார்களா என்பதே ஆண்டவர் எழுப்பிய கேள்வி. வலியோடு வந்தவரிடம் வலியைக் கேளாமல் நன்றியைப் பற்றிப் போதிக்கும்போது, நாம் அந்தத் தலைவனின் பக்கத்தில் நிற்கிறோம்.

நன்றியும் வலியும் ஒரே வாயிலிருந்து வரக்கூடியவை. “தேவன் எனக்கு நன்மை செய்தார், என் முதுகு வலிக்கிறது” என்று ஒருவர் சொன்னால், இரண்டையும் நாம் நம்ப வேண்டும். முதல் பாதிக்கு மட்டும் அல்லேலூயா சொல்லி, இரண்டாம் பாதியை விழுங்கச் செய்யும் சபையில் மெய்யான சாட்சி வளராது.

சபையாய் நாம் செய்யக்கூடியவை எளியவை. ஆராதனையில் அவர்கள் இடையிடையே எழுந்து நிற்கட்டும்; யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். மரப் பலகையில் ஒரு மெத்தையை வைத்துக் கொடுங்கள். முழங்காற்படியிட முடியாதவர் அமர்ந்தே ஜெபிக்கட்டும். அன்பின் விருந்தில் “இவ்வளவுதானா?” என்று கேட்டு இலையில் மேலும் பரிமாறாதீர்கள். உபவாச ஜெபத்துக்கு அவர்களை வற்புறுத்த வேண்டாம்; மருத்துவரைக் கேட்டு அவர்களே தீர்மானிக்கட்டும். பரிசோதனை நாளில் துணைக்குச் செல்ல ஒருவர் முன்வந்தால், அது நீண்ட ஆலோசனைகளைவிடப் பயனுள்ள ஊழியம்.

வலியைச் சுமக்கும் என் சகோதரரே, சகோதரியே, உங்கள் வலி உங்கள் விசுவாசக் குறைவின் அடையாளம் அல்ல. நன்றிகெட்ட தன்மையும் அல்ல. அதை மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள், உங்கள் போதகரிடமும் சொல்லுங்கள். கேட்பதற்காகத்தான் நாங்கள் இருக்கிறோம்.

கூனியிருந்தவளைக் கண்டு அழைத்த ஆண்டவர் உங்களையும் காண்கிறார். அவருடைய சமாதானம் உங்களோடிருப்பதாக. ஆமென்.