கருணைக்கும் ஞானஸ்நானமா?

2023-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 6-ந் தேதி விடியற்காலம் 4 மணி 17 நிமிஷத்துக்கு, துருக்கி தேசத்தின் தென்பாகத்திலும் சிரியா தேசத்தின் வடபாகத்திலும் ஜனங்கள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்த சமயத்தில் பூமி அதிர்ந்தது. அதன் அளவு 7.8. அன்று பகல் ஒன்றரை மணிக்குள்ளாகவே 7.5 அளவில் மற்றொரு பூகம்பமும் வந்தது. துருக்கியில் மாத்திரம் 53,000 பேருக்கு மேல் மாண்டார்கள். சிரியாவில் மாண்டவர்கள் பல ஆயிரம் பேர். கடுங்குளிரில், போர்த்திக்கொள்ளக் கம்பளியின்றி, பிள்ளைகளின் பிணங்களைக் கல்லுக்கும் காரைக்கும் நடுவே தேடிக்கொண்டு லட்சக்கணக்கான மக்கள் தெருவில் நின்றார்கள்.

பூகம்பம் யாரையும் மதம் கேட்டுக் கொல்லவில்லை. அந்தாக்கியா என்னும் பட்டணத்தை எடுத்துக்கொள்வோம். பைபிளில் அந்தியோகியா என்று சொல்லப்படும் ஊர் இதுதான். இயேசுவின் சீஷர்களுக்குக் கிறிஸ்தவர் என்னும் பெயர் முதன்முதலாக வழங்கியது இவ்வூரில்தான் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. அப்பேர்ப்பட்ட ஊரில், பேதுரு பவுல் இருவர் பெயராலும் விளங்கிய கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கோயில் இடிந்து விழுந்தது. ஹபீப் நஜ்ஜார் என்னும் பழமையான மசூதியும் இடிந்தது. யூத சபையின் தலைவரும் அவர் மனைவியாரும் மாண்டார்கள். பக்கத்திலுள்ள இஸ்கந்தரூன் பட்டணத்தில் கத்தோலிக்கரின் பேராலயமும் சரிந்தது. கடவுள்கள் தங்கள் வீட்டைக்கூடக் காப்பாற்றிக்கொள்ளவில்லையே என்று சொல்லி எக்களிக்க நாம் வரவில்லை. பிணங்களின்மேல் ஏறி நின்று பிரசங்கம் செய்வது பகுத்தறிவாகாது. பூமி அதிர்ந்து நின்ற பிறகு மனிதர்கள் செய்த காரியத்தைப் பற்றியே நாம் இங்கு பேசுகிறோம்.

முதலாவதாக, உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொள்ள வேண்டும். சிரியாவிலுள்ள அலெப்போ நகரத்தில் பாதிரிமார்களும் துறவிகளும் அன்றைக்கே மாதா கோயில் மண்டபங்களையும் மடங்களையும் பள்ளிக்கூடங்களையும் திறந்துவிட்டார்கள். வீட்டுக்குத் திரும்பப் பயந்த ஜனங்கள் அங்கே படுத்தார்கள். அவர்களுக்குச் சூடான ஆகாரம் கிடைத்தது. முஸ்லிம்களும் அங்கே தங்கினார்கள். இடிபாட்டில் சிக்கி ஒரு பாதிரியார் உயிரையும் விட்டார். காரிதாஸ் போன்ற கத்தோலிக்க ஸ்தாபனங்கள் உதவியில் மதபேதம் கிடையாது என்பதைத் தங்கள் விதியாகவே வைத்திருக்கின்றன. இவற்றையெல்லாம் மறைத்துவிட்டுப் பாதிரிகளைத் திட்டினால், புராணம் எழுதுகிறவனுக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை.

ஆனால், இதே பூகம்பத்தில் வேறொரு மாதிரியான தர்மமும் நடந்தது. “பூகம்பத்தில் அடிபட்ட நம் கிறிஸ்தவச் சகோதரர்களுக்கு” என்று பிரித்துக் காட்டியே வசூல் செய்த சபைகள் உண்டு. கிறிஸ்தவக் குடும்பங்களின் வீட்டை ரிப்பேர் செய்யவும், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வாடகை கட்டவும் என்றே பணம் ஒதுக்கியவர்கள் உண்டு. கிறிஸ்தவர் கொடுப்பது, கிறிஸ்தவர் கையால் போவது, கிறிஸ்தவருக்கே சேர்வது என்பதையே கொள்கையாக வைத்து, 1993-ம் வருஷம் முதல் நடந்துவரும் ஒரு ஸ்தாபனம் இங்கிலாந்தில் இருக்கிறது. இதைப் பற்றித்தான் நம் ஆட்சேபணை.

அவர்கள் சொல்லும் சமாதானத்தையும் கேட்போம். “எங்கள் ஜனங்கள் அத்தேசங்களில் சிறுபான்மையினர். சிரியாவில் 2011-ல் சண்டை மூண்ட பிறகு பெரும்பாலோர் ஊரை விட்டே போய்விட்டார்கள். சர்க்காரும் பெரிய ஸ்தாபனங்களும் கொடுப்பது இவர்களுக்கு வந்து சேர்வதில்லை. நாங்களும் கைவிட்டால் இவர்களுக்கு யார் கதி?” என்கிறார்கள். இதில் நியாயம் இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். பொதுவாயிருக்க வேண்டியவர்கள் நடந்துகொண்ட யோக்கியதையும் அப்படித்தான் இருந்தது. துருக்கிச் செம்பிறைச் சங்கம், ஜனங்கள் குளிரில் விறைத்துக் கிடந்த நாட்களில், 2,050 கூடாரங்களை மற்றொரு தர்ம ஸ்தாபனத்துக்கு 4 கோடியே 60 லட்சம் லிராவுக்கு விற்றது! பொது வாசல் இப்படி அடைபட்டால் அவனவன் தன் மத வாசலைத் தட்டத்தான் செய்வான்.

ஆனால் விடப்பட்டுப்போனவனைத் தேடிப்போய்க் கொடுப்பது வேறு. நம்மவனைத் தேடிப்போய்க் கொடுப்பது வேறு. முன்னதில் கேட்கப்படும் கேள்வி, “உனக்கு இன்னும் யாரும் வரவில்லையா?” என்பது. பின்னதில் கேட்கப்படும் கேள்வி, “உனக்கு ஞானஸ்நானம் ஆகிவிட்டதா?” என்பது. ஒரே தெருவில் இரண்டு வீடுகள் விழுந்து கிடக்கின்றன. ஒரு வீட்டுக்காரன் கிறிஸ்தவன், மற்றவன் முஸ்லிம். இருவருக்கும் பிள்ளை போயிற்று. இருவருக்கும் கூரை இல்லை. முதல் வீட்டுக்குக் கொத்தனார் வருகிறார். இரண்டாம் வீட்டுக்காரன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நாளைக்கு இந்த இருவரும் எப்படி ஒரே தெருவில் வாழ்வார்கள்? சிறுபான்மையைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி, அந்தச் சிறுபான்மையை அக்கம்பக்கத்தாரின் பொறாமைக்கு ஆளாக்குவது எப்படிக் காப்பாற்றுவதாகும்?

இன்னும் பார்ப்போம். எல்லாரும் இந்த வழியையே பின்பற்றுவதாக வைத்துக்கொள்வோம். சுன்னிகள் சுன்னிகளுக்கு மாத்திரம், அலாவிகள் அலாவிகளுக்கு மாத்திரம், கிறிஸ்தவர்களிலும் கத்தோலிக்கர் கத்தோலிக்கருக்கும் புரொட்டஸ்டண்டார் புரொட்டஸ்டண்டாருக்கும் மாத்திரம் என்று ஆனால் என்ன ஆகும்? வெளிநாட்டில் பணக்காரச் சகோதரர்கள் உள்ளவன் பிழைப்பான், இல்லாதவன் சாவான். துருக்கியில் அச்சமயம் சுமார் 35 லட்சம் சிரியா அகதிகள் இருந்தார்கள். கொள்ளையடிக்கிறவர்கள் என்று பழி சுமத்தி அவர்களில் சிலரை அடிக்கவும் செய்தார்கள். அவர்களுக்காக உண்டி குலுக்குவது எந்தச் சபை? கடவுளே இல்லை என்று சொல்லும் ஒருவன் இடிபாட்டுக்குள் கிடந்தால் அவனுக்காகக் கயிறு வீசுவது யார்?

அவர்களுடைய வேதமே இதற்கு இரண்டு வழி காட்டுகிறது என்பது ஒரு வேடிக்கை. பஞ்சம் வரப்போகிறது என்று அகபு என்னும் ஒருவர் சொல்ல, சீஷர்கள் அவரவர் சக்திக்கு ஏற்பப் பணம் சேர்த்து, யூதேயாவிலிருந்த தங்கள் மதச் சகோதரர்களுக்கு பர்னபா, சவுல் என்ற இருவர் வசம் அனுப்பினார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 11-ம் அதிகாரத்தில் இருக்கிறது. அப்படி அனுப்பிய ஊர் எது தெரியுமா? பூகம்பத்தில் விழுந்த இதே அந்தியோகியாதான்! மதத்தான் மதத்தானுக்குக் கொடுக்கும் வழக்கம் இவ்வளவு பழையது. ஆனால், அந்த நடபடிகளை எழுதியவர் என்று சொல்லப்படும் லூக்காவின் பெயராலுள்ள சுவிசேஷத்திலேயே நல்ல சமாரியன் கதையும் இருக்கிறது. அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியன் பார்த்துவிட்டு விலகிப் போனான். லேவியனும் விலகிப் போனான். வேறு கூட்டத்தானாகிய சமாரியனோ காயத்தைக் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, செலவுக்குக் காசும் கொடுத்துவிட்டுப் போனான். கட்டுவதற்கு முன்னால், “நீ எந்தக் கோயிலுக்குப் போகிறவன்?” என்று அவன் கேட்டதாகக் கதையில் இல்லை. கிறிஸ்தவத் தோழர்களை நாம் கேட்கிறோம்: ஞாயிற்றுக்கிழமை தோறும் சமாரியனைப் பிரசங்கம் செய்துவிட்டு, உதவிப் பட்டியல் எழுதும்போது மாத்திரம் மதக் கலம் போடுவானேன்?

இது ஒருபுறமிருக்க, மதத்தின் பெயரால் செய்யப்படும் தர்மத்தில் மற்றொரு தோஷமும் உண்டு. அது விழுந்த வீட்டைப் பார்க்குமேயன்றி, ஏன் விழுந்தது என்று கேட்பதில்லை. 1999-ம் வருஷம் துருக்கியில் பெரிய பூகம்பம் வந்து 17,000 பேருக்கு மேல் மாண்ட பிறகு கட்டட விதிகளைக் கடுமையாக்கினார்கள். ஆனால் 2018-ல், தேர்தல் சமயத்தில், விதியை மீறிக் கட்டியவர்கள் பணம் கட்டினால் மன்னிப்பு என்று சர்க்காரே ஒரு சட்டம் செய்தது. அந்தாக்கியாவில் சுவர்க்கத்தின் ஒரு மூலை என்ற தோரணையில் விளம்பரம் செய்து விற்கப்பட்ட பெரிய அடுக்கு மாளிகை ஒன்று அப்படியே சாய்ந்து நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றது. கட்டியவர் தேசத்தை விட்டுப் போகும் சமயத்தில் விமான நிலையத்தில் பிடிபட்டார். அதே ஹதாய் மாகாணத்திலுள்ள எர்ஜின் என்னும் சிற்றூரில் ஒருவரும் சாகவில்லை. நிலம் கெட்டியாயிருந்தது ஒரு காரணம் என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் சொல்லுகிறார்கள்; விதியை மீறிக் கட்ட நான் விடவில்லை என்று அவ்வூர் நகரசபைத் தலைவர் சொன்னார். தேசத்தின் தலைவரோ, இவையெல்லாம் விதியின் திட்டத்தில் உள்ளவை என்ற கருத்தில் பேசினார்! கட்டட விதியை விற்றுவிட்டுத் தலைவிதியின்மேல் பழி போடுவது எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்!

கிறிஸ்தவ தேசங்களிலும் இதே கணக்குத்தான். 2010-ம் வருஷம் ஜனவரியில் ஹெய்ட்டி தேசத்தில் 7.0 அளவில் பூகம்பம் வந்தது. மாண்டவர்கள் லட்சக்கணக்கில் என்கிறார்கள். அடுத்த மாதமே சிலி தேசத்தில் 8.8 அளவில் வந்தது. மாண்டவர்கள் சுமார் 500 பேர்தான். இரண்டு தேசத்தாரும் வணங்குவது ஒரே கிறிஸ்துவைத்தான். வித்தியாசம் ஜெபத்தில் இல்லை. கம்பியிலும் சிமெண்டிலும், கடல் அடியில் விழுந்ததா பட்டணத்து அடியில் விழுந்ததா என்பதிலும், சர்க்காரின் யோக்கியதையிலும் இருந்தது. ஆகவே கம்பளி கொடுக்கிறவர்கள், கம்பி எங்கே போயிற்று என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்டால் எல்லா மதத்தான் வீடும் பிழைக்கும்.

மதம் பாராமல் உதவ முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு சங்கதி சொல்லுவோம். ஆர்மீனியர்கள் மிகப் பழமையான கிறிஸ்தவ ஜனங்கள். 1915-ல் துருக்கி சுல்தான்களின் ராஜ்யத்தில் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டவர்கள். துருக்கிக்கும் ஆர்மீனியாவுக்கும் நடுவிலுள்ள எல்லை 1993 முதல் மூடிக் கிடந்தது. பூகம்பம் நடந்த ஐந்தாம் நாள், மார்கரா பாலத்தின் வழியாக ஆர்மீனியாவின் உதவி லாரிகள் துருக்கிக்குள் சென்றன. 1988-ல் ஆர்மீனியாவில் பூகம்பம் வந்து 25,000 பேர் மாண்டபோது துருக்கியிலிருந்து உதவி போனதும் இதே பாலத்தின் வழியாகத்தான். நம் இந்தியாவின் ராணுவ டாக்டர்களும் இஸ்கந்தரூனில் ஆஸ்பத்திரிக் கூடாரம் அடித்து ஆயிரக்கணக்கானவர்களுக்கு வைத்தியம் செய்தார்கள். ஒடிந்த எலும்பில் மதம் தெரிவதில்லை என்பது வைத்தியனுக்குத் தெரியும். கொலைப்பழியின் நினைவையே தாண்டி உதவி போக முடியுமானால், ஞானஸ்நானத் தொட்டியைத் தாண்டிப் போக முடியாதா?

நிற்க. மற்றவனைச் சொன்ன வாயால் நம்மையும் சொல்லிக்கொள்ள வேண்டும். அந்தப் பூகம்ப வருஷத்தில் ஒரு சிற்றூர்க் கூட்டத்தில் நான் இதே விஷயத்தைப் பேசினேன். கைதட்டினார்கள். முடிந்ததும், பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் எழுந்து, “தம்பி, அவங்க தங்க ஆளுக்காவது ரொட்டி கொடுத்தாங்க. நீங்க யாருக்கு என்ன கொடுத்தீங்க?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மாலைக்கும் ஒலிபெருக்கிக்கும் அன்று நாங்கள் செலவு செய்த பணத்தில் பத்துக் கம்பளி வாங்கியிருக்கலாம். அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

ரொட்டி கொடாதது மாத்திரமா? 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி கடல் பொங்கி நாகப்பட்டினம் கரையை அழித்தபோது, உயிர் தப்பி வந்த தாழ்த்தப்பட்ட மக்களை மற்றவர்களோடு ஒரே முகாமில் தங்கவிடாமலும், குடிதண்ணீர்த் தொட்டியைத் தொடவிடாமலும் விரட்டியவர்கள் நம்மவர்களே அல்லவா? துருக்கியிலே உதவிப் பட்டியலில் மதம் எழுதியதைக் கண்டு சிரிக்கிறோமே, நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் சாதி எழுதியிருந்ததை என்ன செய்தோம்? கடல் ஒரே அலையில் அடித்துச் சமமாக்கியவர்களை, அலை வடிந்த மறுநாளே மேல் கீழ் என்று பிரித்த தேசத்தில் இருந்துகொண்டு, அடுத்தவனை மாத்திரம் குற்றம் சொல்ல நமக்கு யோக்கியதை ஏது?

ஆகையால் தோழர்களே! எந்த ஊரில் எந்த விபத்து வந்தாலும், உதவிப் பட்டியலில் மூன்றே கலம் போடுவோம். வீட்டில் எத்தனை பேர்? போனது என்ன? வேண்டியது என்ன? நான்காவது கலத்தைக் கேட்கிறவன் எந்த அங்கி போட்டிருந்தாலும், எந்த நாமம் இட்டிருந்தாலும், கறுப்புச் சட்டையே போட்டிருந்தாலும் அவனிடம் பட்டியலைக் கொடாதீர்கள். கிறிஸ்தவன் விடப்பட்டுக் கிடந்தால் கிறிஸ்தவனுக்கு முதலில் கொடுங்கள், விடப்பட்டவன் என்பதற்காக. சேர்த்த பணத்துக்கு ஊரறியக் கணக்குக் காட்டுங்கள். கட்டட விதியை விற்கிற சர்க்காரை ஓட்டுப் போடும்போது நினைவு வையுங்கள்.

நானும் அந்தக் கிழவருக்குக் கடன்பட்டவன். அடுத்த கூட்டத்திலிருந்து மாலை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். மாலைக்காகும் பணம் ஒரு தகர டப்பாவில் சேர்கிறது. டப்பாவின்மேல் எந்த மதத்தின் பெயரும் எழுதவில்லை. நம் இயக்கத்தின் பெயரும் எழுதவில்லை.