நீலத் தொப்பிக்கு அப்பா பெயர் கிடையாதா?

ஹைதியில் சில குழந்தைகளை ஊரார் 'பெத்தி மினுஸ்தா' என்று அழைக்கிறார்கள். குட்டி மினுஸ்தா என்று பொருள். 2004 முதல் 2017 வரை அங்கே முகாமிட்டிருந்த ஐ.நா. அமைதிப்படையின் பெயர்தான் மினுஸ்தா. அப்பன் விட்டுப்போனது அந்த வசைப்பெயரை மட்டுமே.

2017இல் சபீன் லீ, சூசன் பார்ட்டெல்ஸ் ஆகியோரின் ஆய்வுக்குழு சுமார் 2,500 ஹைதியரிடம் பேசியது. படை முகாம்களைச் சுற்றிப் பெண்களின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. குழந்தைகளைப் பற்றித் தனியாகக் கேட்கவில்லை. ஆனாலும் 265 பேர் படையினருக்குப் பிறந்த குழந்தைகளின் கதையைச் சொன்னார்கள். 11 வயதுச் சிறுமிகள்கூட அதில் இருந்தார்கள். கேள்வித்தாளோடு ஊர் ஊராக அலைகிற ஆய்வு மாணவி நான். கேட்காமலே ஒரு பதில் இத்தனை முறை வந்தால், அந்த மக்கள் சுமப்பது என்ன என்று எனக்குப் புரிகிறது.

ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் சில காசுக்கும் நடந்ததைக் 'காதல்' என்றோ 'அவள் சம்மதம்' என்றோ சொல்லிவிட முடியாது. ஒருவன் கையில் துப்பாக்கியும் சோறும். இன்னொருத்தி கையில் ஒன்றுமில்லை.

சட்டமும் அவன் பக்கம்தான். படைவீரன் குற்றம் செய்தால் அவனுடைய நாடு மட்டுமே அவனை விசாரிக்க முடியும். ஐ.நா.வால் ஊருக்குத் திருப்பி அனுப்பத்தான் முடியும். விமானம் ஏறியதும் அவனுக்கு வழக்கு முடிந்தது. அவளுக்குப் பள்ளிக் கட்டணம் தொடங்கியது.

2007இல் நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கைப் படையினர் ஹைதியிலிருந்து இப்படித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சிறுவர் சிறுமியரைச் சீரழித்த 134 பேரைப் பற்றி 2017இல் அசோசியேட்டட் பிரஸ் எழுதியபோதும் ஒருவர்கூடச் சிறை சென்றிருக்கவில்லை. 2009இல் முள்ளிவாய்க்காலில் நின்றதும் அதே ராணுவம்தான்.

சாதி ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. பண்ணையில் வேலைக்குப் போன சேரிப்பெண்ணின் குழந்தைக்கு அப்பன் யாரென்று ஊருக்கே தெரியும். கேட்கத்தான் முடியாது. மானம் போவது அவளுக்கு, மரியாதை நிற்பது அவனுக்கு.

அமைதிப்படைக்கு அதிகம் பேரை அனுப்பும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அந்தப் பெருமையைப் பேசுகிற நாம் இதையும் கேட்க வேண்டும்: ஆள் அனுப்பும் ஒவ்வொரு நாடும் மரபணுச் சோதனைக்கு ஒத்துழைக்கட்டும். ஜீவனாம்சத்தைச் சம்பளத்தில் பிடிக்கட்டும். விசாரணை முடிவைத் தாய்க்கு அவள் மொழியிலேயே சொல்லட்டும்.

அந்தத் தாய்மார் இரக்கம் கேட்கவில்லை. கணக்குக் கேட்கிறார்கள்.